கேமராவின் வைஃபையோடு நான்கு ஆண்டுகள்

"கேமராவிலேயே வைஃபை இருக்கிறதே, அப்புறம் ஏன் பையில் கார்டு ரீடரையும் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். முதல் மிரர்லெஸ் கேமராவை வாங்கப் போகிறான். நான் வைத்திருக்கும் மாடலையே வாங்கலாமா என்று யோசிக்கிறான். 'எடுத்தவுடன் பகிரலாம்' என்ற விளம்பர வரி அவனுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படம் எடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 24 மெகாபிக்சல், கண்ணில் ஃபோகஸ் பிடித்தால் விடாது, பேட்டரியும் ஒரு நாள் தாங்கும். என் கோபமெல்லாம் எடுத்த படம் போனுக்கு வந்து சேரும் வழியின் மேல்தான்.

கேமரா தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். போன் அதில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும், இந்த நெட்வொர்க்கில் இணையம் வருகிறதா என்று போன் சோதித்துப் பார்க்கும். கேமராவில் இணையம் ஏது? 'இணைய வசதி இல்லை' என்று ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும். அதைக் கவனித்து, பரவாயில்லை, இதிலேயே இரு என்று ஒப்புதல் கொடுத்தால் பிழைத்தோம். கவனிக்காமல் விட்டால் போன் மொபைல் டேட்டாவுக்கோ வீட்டு வைஃபைக்கோ தாவிவிடும். போனில் போட்டிருக்கும் கேமரா நிறுவனத்தின் செயலியில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் கேமராத் திரையில் இணைப்பு போய்விட்டது என்று வரும். மறுபடி முதலிலிருந்து.

இதில் போன் பக்கத்து நியாயமும் இருக்கிறது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து செயலிகள் தாமாக வைஃபையை ஆன் செய்ய முடியாது. 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்து, அதே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேடுவதற்குச் செயலி தனியாக அனுமதி கேட்க வேண்டும். இரண்டும் நம் பாதுகாப்புக்காக வந்தவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு தடவை 'வேண்டாம்' என்று தொட்டுவிட்டால், செட்டிங்ஸில் போய் மாற்றும்வரை செயலி கேமராவைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. அதை ஒரு வரியில் சொல்ல வேண்டியது கேமரா செய்தவர்களின் வேலை இல்லையா? செயலி 'இணைக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டது. என் அக்காவின் ஐபோனில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது.

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு இணைத்தால் இணைப்பு பெரும்பாலும் அறுபடாது. அதாவது டேட்டாவை அணைத்து, இணைத்து, படங்களைத் தேர்ந்து, காத்திருந்து, துண்டித்து, டேட்டாவை ஆன் செய்து, அப்புறம் பகிர வேண்டும். இதற்குப் பெயர்தான் 'எடுத்தவுடன்'.

அக்கா மகள் மேடையேறிப் பரிசு வாங்கிய நாளை இன்னும் மறக்கவில்லை. மாமா வர முடியாத இடத்தில் இருந்தார். அவருக்காக 12 படங்களைத் தேர்ந்தேன், ஏழாவதில் நின்றது. மூன்று முறை இணைத்துப் பார்ப்பதற்குள், பின்வரிசையிலிருந்து யாரோ போனில் எடுத்த, முகமே தெரியாத ஒரு படம் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. எல்லோரும் அதற்கு வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டார்கள். அவள் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சிரிக்கும் படம் என் கார்டில் இருந்தது. மாமா அதை இரவில்தான் பார்த்தார்.

மறுநாளே டைப்-சி கார்டு ரீடர் வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். கார்டைச் செருகி, போனில் மாட்டி, டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்து, வேண்டியதை நகலெடுத்தால் முடிந்தது. ஐபோனிலும் ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே கார்டு திறக்கிறது. முழு அளவுப் படங்கள், ரா கோப்புகள் (கேமரா மெருகேற்றாமல் வைக்கும் மூலப் பதிவுகள்) எல்லாம் மளமளவென்று வருகின்றன. ஒரே எச்சரிக்கை: 64 ஜிபி, அதற்கு மேலான கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் இருக்கும். சில பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது, 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று தொட்டுவிடாதீர்கள், படங்கள் போய்விடும்.

இப்படி நாளுக்கு நாலு தடவை திறந்து மூடியதில், இந்த ஆண்டு கார்டு மூடியின் கீல் உடைந்தது. சர்வீஸுக்குப் போய் வந்த கேமராவில் என் அமைப்புகள் எல்லாம் அழிந்திருந்தன. கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. புதுப் படங்கள் போனுக்கு வந்தும் கண்ணில் படவில்லை. கேலரியில் பழைய தேதிக்கு அடியில் போய் ஒளிந்திருந்தன.

ஆனால் அந்தக் கேமரா இன்னொன்றையும் மாற்றி வைத்திருந்தது. ப்ளூடூத் வழியாக 2 மெகாபிக்சல் நகல்களைத் தானாக அனுப்பும் வசதியை வாங்கிய வாரமே அணைத்திருந்தேன். 24 இருக்க 2 எதற்கு என்ற எண்ணம். மறுபடி இணைத்தபோது அது ஆன் ஆகியிருந்திருக்கிறது. அன்று மாலை கேமராவை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். சட்டைப்பையில் போன் சின்னதாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மெதுவாகத்தான், ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. 1620-க்கு 1080 பிக்சல். இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் 1080 அகலத்தில்தான் காட்டுகிறது, வாட்ஸ்அப்பும் தானே சுருக்கித்தான் அனுப்புகிறது. பகிர்வதற்கு இது போதும்! நான்கு ஆண்டுகளில் இந்தக் கேமரா எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் இதுதான். இருப்பிடத்தையும் போனிலிருந்து எடுத்துப் படத்தில் பதிக்கும். வீட்டில் குழந்தைகளை எடுக்கும்போது மட்டும் அதை அணைத்துவிடுகிறேன்.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? இந்தக் கேமராவை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு பாராட்டிவிட்டு ஏன் என்று கேட்டான். அக்கா மகள் பரிசு வாங்கிய அந்த இரவு மாமா அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டினேன். என்னுடையதை விற்பாயா என்றான். மாட்டேன். அவனுக்கென்று ஒரு கார்டு ரீடர் வாங்கி வைத்திருக்கிறேன், எந்தக் கேமராவை எடுத்தாலும் உதவும்.