தேரி மணலுக்குத் தென்னை நார் வலை: வாங்கலாமா?

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டை, அதாவது செம்மணல் மேடுகளை, ஒட்டி முருங்கை வைத்திருப்பவர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னக் கன்றின் தண்டில் மணல் அடித்து அடித்துத் தோலே உரிந்துவிடும், ஒரு வரிசையில் வேர் வெளியே தெரியும், அடுத்த வரிசையில் கன்று கழுத்துவரை புதைந்து கிடக்கும். அதற்காகத்தான் 700 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 700 கிராம் எடை) தென்னை நார் வலை வாங்கி மேற்கு வரப்புச் சரிவிலும் கன்று வரிசைகளிலும் விரித்தோம்.

நன்றாகவே வேலை செய்கிறது. காற்றில் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் போகும், முழங்காலுக்கு மேல் எழும்புவது கொஞ்சம்தான். துள்ளி விழுகிற ஒவ்வொரு மணியும் கிடக்கிற மணிகளையும் கிளப்பிவிடும். வலை கிடக்கும் இடத்தில் அந்தத் துள்ளல் அடங்கிவிடுகிறது, கண்ணிக்குள் மணல் உட்கார்ந்துகொள்கிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு அதிலேயே புல்லும் பிடித்துவிட்டது. நார் மக்குவதற்கு ரெண்டு மூன்று வருஷமாவது ஆகும், அதற்குள் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பச்சை நிழல்வலை போல வெயிலில் நைந்து பிளாஸ்டிக் துணுக்காகக் காடெல்லாம் பறக்காது. இந்த ஒன்றுக்கே நான் மறுபடியும் இதைத்தான் வாங்குவேன்.

குறை என்றால் வலையைத் தரையோடு பிடித்து அடிக்கக் கடையில் கூடவே கொடுத்த கம்பி ஊசிதான். ஒரு சாண் நீளம், கெட்டி மண்ணுக்குச் சரி, தேரியில் நிற்கவே நிற்காது. முதல் பெருங்காற்றிலேயே ஓரம் தூக்கி, அடியில் காற்று புகுந்து மணலை வாரிவிட்டது. முழ நீளத்துக்கு உடைமரக் குச்சி சீவி அடித்து, மேற்கு ஓரத்தை ஒரு அடி பள்ளத்தில் புதைத்த பிறகுதான் அடங்கியது. விலை குறைவு என்று 400 ஜிஎஸ்எம் பக்கம் போகாதீர்கள், கண்ணி ரொம்பப் பெரிது.

அப்புறம், ஏக்கர் முழுக்க விரிக்கக் கட்டுப்படியாகாது, விரிக்கவும் வேண்டாம். வலை தான் கிடக்கும் மண்ணைத்தான் காக்கும், மேற்கிலிருந்து வரும் மணல் அதையே மூடிவிடும். அந்த மணலைத் தடுக்கப் பனையோலைத் தட்டி வேண்டும், அதையும் பாதிக்குப் பாதி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அடைத்துக் கட்டினால் காற்று மேலேறிப் பின்னால் சுழன்று இறங்கிப் பள்ளம் பறிக்கும். 5 அடித் தட்டி ஏறக்குறைய 50 அடி வரை காற்றைத் தணிக்கும். தட்டிக்குப் பின்னாலேயே பனங்கொட்டை ஊன்றிவிடுங்கள், வடலி எழும்பப் பல வருஷம் ஆனாலும் அதுதான் நிரந்தரம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்குபவர்கள் வைகாசிக்குள் விரித்து முடித்துவிடுங்கள், காற்று எழும்பிவிட்டால் அந்தச் சுருளைப் பிடித்து விரிக்க நாலு ஆள் போதாது.