எக்ஸ்-பிளேன் 12: பறக்க முடியாத வாரங்களில் விமானி மாணவருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

விமானப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் பறக்காத நாட்களில்தான். மேகம் தாழ்ந்து கிடக்கும் வாரம், பயிற்சி விமானம் பராமரிப்புக்குப் போன வாரம், பணம் புரளாத மாதம், மருத்துவச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் காலம் என்று இடைவெளிகள் வந்துகொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்து காக்பிட்டில் உட்கார்ந்தால் கை பழையபடி வராது. அன்றைய வகுப்பு முழுவதும் விட்ட இடத்தைப் பிடிக்கவே போய்விடும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் "நமக்கு இது வராதோ" என்ற எண்ணம் தலைதூக்கும். சர்வதேச விதிமுறைப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாக இருந்தால் வணிக உரிமத்துக்கு 150 மணி போதும். எப்படிப் பார்த்தாலும் நெடும்பயணம். வழியில் இடைவெளிகள் விழாமல் இருக்காது.

அந்த இடைவெளிகளில், கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் வீட்டு சிமுலேட்டர் எவ்வளவு தாங்கும் என்ற ஒரே கேள்வியோடு லாமினார் ரிசர்ச் நிறுவனத்தின் எக்ஸ்-பிளேன் 12-ஐ இங்கே எடைபோடுகிறோம். விளையாட்டாக அது எப்படி என்பது வேறு பேச்சு.

முதலில் அதன் பலம். 2022 டிசம்பரில் முழுமையாக வெளிவந்த இந்தப் பதிப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று தரும் விசையைக் கணக்கிட்டுக் கூட்டுவது இதன் அடிப்படை முறை. எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் ஓடுவதும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் இறக்கும்போது விமானத்தின் நிலை மாறுவதும் நம்பும்படி இருப்பதற்கு இதுதான் காரணம். பல பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் ஓட்டும் செஸ்னா 172 கூடவே வருகிறது. முள் கருவிகள் கொண்ட காக்பிட், ஜி1000 திரை கொண்ட காக்பிட் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. பள்ளி விமானத்தில் எது இருக்கிறதோ அதையே எடுங்கள். திரை அழகாக இருக்கிறதே என்று ஜி1000-இல் பழகிவிட்டு முள் கருவி விமானத்தில் ஏறினால் கண் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறும்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். ஊர், ஆறு, மலை என்று நிலத்தோற்றத்தில் அது வெகுதூரம் முன்னால் நிற்கிறது. கண்ணால் பார்த்து வழி கண்டுபிடிக்கும் நெடுந்தூரப் பயணத்துக்கு முதல்நாள் ஒத்திகை பார்க்க அதுவே மேல். ஆனால் 2024 பதிப்பு நிலப்படங்களையும் இன்ன பிறவற்றையும் பெருமளவு இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே ஓடுகிறது. இணைப்பு சுமாராக இருக்கும் வீட்டில் அது தொல்லை. எக்ஸ்-பிளேன் கணினியின் வட்டில் சேமித்திருப்பதை வைத்தே ஓடும். அதோடு, பழுதுகளை வேண்டியபடி ஏற்படுத்தும் வசதியும் இங்கே தாராளம். சில கருவிகளை இயக்கும் வெற்றிடப் பம்ப் நிற்க வேண்டுமா, வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய் அடைபட வேண்டுமா, குறிப்பிட்ட உயரத்தில் எஞ்சின் அணைய வேண்டுமா, எப்போது என்று தெரியாமல் வர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பயிற்சி மாணவருக்கு இதுவே பெரிய சொத்து.

இனி அமைப்பு. இங்கே செய்யும் தவறுதான் பலரைப் பாதி வழியில் கைவிட வைக்கிறது. யோக் (விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பிடிக்கும் கைப்பிடி) எதுவாக இருந்தாலும் மேசையில் ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். ஹனிகூம்ப் ஆல்ஃபா யோக் 180 பாகை சுழல்வதால் கை அசைவு உண்மை விமானத்துக்கு நெருங்கி வரும். கையில் காசு குறைவென்றால் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற ஸ்டிக்கும் போதும். அதன் முக்கிய அச்சுகள் காந்த உணரியில் இயங்குவதால் சீக்கிரம் தேயாது. மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் விமானத்தில் கால் பெடலால் இயங்குவது; ஸ்டிக்கைத் திருகி அதை இயக்கும் வசதியை மட்டும் பயன்படுத்த வேண்டாம். கையால் ரட்டர் பழகியவரின் கால் உண்மை விமானத்தில் தூங்கும். யோக்கா பெடலா, ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும் என்றால் சாதாரண ஸ்டிக்கோடு பெடல் வாங்குவதே சரி. பெடல் வழவழப்பான தரையில் முன்னே வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, பின்புறம் சுவரிலோ மேசைக் காலிலோ முட்டுக் கொடுங்கள்.

மென்பொருளில் முதல் வேலை, எல்லா அச்சுகளையும் முழு தூரம் அசைத்து அளவு திருத்துவது. அடுத்து, நிலைத்தன்மைக்கு உதவும் ஸ்லைடர்கள் மூன்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவை உயர்த்தி வைக்கப்பட்டிருந்தால் விமானம் தானே நேராகிக்கொள்ளும், நம் கை எதுவும் கற்றுக்கொள்ளாது. ரட்டருக்கு எந்த அச்சும் ஒதுக்காவிட்டால் மென்பொருளே ரட்டரைச் சமன் செய்யப் பார்க்கும். பெடல் உண்மையில் வேலை செய்கிறதா என்று தரையிலேயே ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணினி திணறி, திரையில் நொடிக்கு வரும் சட்டகங்கள் (ஃப்ரேம்) ஏறத்தாழ 20-க்குக் கீழே இறங்கினால் எக்ஸ்-பிளேன் கணக்கு குலையாமலிருக்கத் தன் கடிகாரத்தையே மெதுவாக்கும். மேசைக் கடிகாரம் ஒரு நிமிடம் காட்டும்போது உள்ளே 45 நொடிதான் ஓடியிருக்கலாம். நேரத்தை வைத்துச் செய்யும் திருப்பமும், ஓரிடத்தில் சுற்றிக் காத்திருக்கும் ஹோல்டிங் பயிற்சியும் அதோடு பாழ். "எத்தனை முறை செய்தாலும் இரண்டு நிமிடத்தில் வட்டம் முடியவில்லையே" என்று மாணவர் தன்னை நொந்துகொள்வார். தவறு அவருடையது அல்ல. மேகம், நிழல், மரங்களின் தரத்தைக் குறைத்து 30-க்கு மேல் நிலையாக வையுங்கள். பயிற்சிக்கு அழகான மேகம் தேவையில்லை, மேகத்தின் அடிமட்டம் சரியான உயரத்தில் இருந்தால் போதும்.

எதைப் பழகுவது என்பதில்தான் இந்தப் பொருளின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. செக்லிஸ்ட் வரிசை, கருவிகளைக் கண்ணால் சுற்றிவரும் பழக்கம், விஓஆர் (தரை வானொலி நிலையத்தை வைத்துத் திசை காட்டும் கருவி) ஊசியைப் பின்தொடர்வது, ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டும் வானொலி அலை) இறக்கம், எஞ்சின் நின்றால் முதல் 30 நொடியில் செய்ய வேண்டியவை: இவை வீட்டில் பழகியபடியே விமானத்திலும் கைக்கு வரும். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் நொடிக்கு 3 பாகை வீதம் திரும்ப ஏறத்தாழ 14 பாகை சாய்வு வேண்டும், 360 பாகைக்கு இரண்டு நிமிடம் ஆகும். 3 பாகை சரிவில் இறங்க, தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். 90 நாட் என்றால் 450 அடி. இந்த எண்களை ஏட்டில் படித்தால் மறுநாள் மறந்துபோகும். நான்கு முறை ஓட்டிப் பார்த்தவருக்கு மறக்காது. 172எஸ் ரகத்தில் எஞ்சின் நின்றால் பிடிக்க வேண்டிய, மிதந்து இறங்கும் வேகம் 68 நாட். எதிர்பாராத நேரத்தில் எஞ்சினை நிறுத்தும்படி அமைத்துவிட்டு, எத்தனை நொடியில் 68-க்கு வருகிறீர்கள், அதற்குள் எத்தனை அடி இழக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள்.

எல்லாப் பயிற்சிக்கும் அளவுகோல் ஒன்று வேண்டும். உயரத்தில் 100 அடி, திசையில் 10 பாகை, வேகத்தில் 10 நாட். இதற்குள் நின்றால் தேர்ச்சி. கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பதற்கான அமெரிக்கத் தேர்வு கேட்பதும் இதே அளவுதான். ஊக்கம் வேண்டும் என்று தேடுபவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இப்படிப்பட்ட எண்தான். போன வாரம் 180 அடி விலகியது இந்த வாரம் 90-க்குள் வந்தது என்று தன் கையெழுத்திலேயே பார்ப்பவருக்கு, மழை விட்டு அடுத்த வகுப்பு வரும்வரை பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நோட்டில் நான்கு கட்டங்கள் போதும்: தேதி, பயிற்சி, அதிகபட்ச விலகல், இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட வேண்டாம். கேள்வியோடு வரும் மாணவருக்கு அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடமே வேறாக இருக்கும்.

சரி, எதைப் பழகக் கூடாது? தரையிறங்குவதை. இதில் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரன்வேயில் கடைசி 20 அடியை விமானி கண்டுகொள்வது ஓரப் பார்வையாலும் இருக்கையின் உணர்வாலும். ஒற்றைத் திரையில் இரண்டும் இல்லை. சிமுலேட்டரில் ஐம்பது முறை வழுக்கினாற்போல இறங்கியவர், உண்மை விமானத்தில் பத்தடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டுத் தொப்பென்று விழுவார். வீட்டில் வளர்ந்த நம்பிக்கை ஒரே நாளில் உடையும், அந்த அடியிலிருந்து மீள வாரங்கள் ஆகும். ஆகவே வீட்டில் 100 அடிக்குக் கீழே போகவே வேண்டாம். ஒவ்வொரு இறக்கத்தையும் அங்கே முறித்துக்கொண்டு மேலே ஏறுங்கள்: முழு த்ராட்டில், மூக்கு ஏறும் நிலைக்கு, வலக்கால் ரட்டர், ஃபிளாப் உடனே 20 பாகைக்கு, பாதுகாப்பான உயரமும் வேகமும் கிடைத்த பின் படிப்படியாக மேலே. மாணவர்கள் மிகக் குறைவாகப் பழகும் செயல் இது. வீட்டில் நூறு முறை செய்தாலும் கெடுதல் இல்லை.

ட்ரிம்மும் இங்கே சரியாக வராது. உண்மை விமானத்தில் யோக்கில் கை உணரும் அழுத்தம் குறையும்வரை ட்ரிம் சக்கரத்தை உருட்டுவார்கள். வீட்டு யோக்கில் சுருள்வில் ஒரே இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்த உணர்வு கிடைக்காது. மூக்கின் நிலையைப் பிடித்துக்கொண்டு, ட்ரிம்மைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையை மெல்ல நடுவுக்கு விட வேண்டும். இது வீட்டில் படுத்தினால் கவலைப்படாதீர்கள், விமானத்தில் இதைவிட எளிது. ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), ஸ்பின் (அப்படியே சுழன்று விழுவது) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செய்முறை வரிசையை மட்டும் வீட்டில் மனப்பாடம் செய்யலாம், மற்றது இன்ஸ்ட்ரக்டரோடு.

இன்னொரு கெட்ட பழக்கம் மெதுவாக வந்து ஒட்டிக்கொள்ளும்: கண் எந்நேரமும் கருவிகளிலேயே இருப்பது. திரையில் வெளியுலகம் சிறியது, கருவிகள் தெளிவு என்பதால் இது இயல்பாகவே நேர்கிறது. வெளியே பார்த்துப் பறக்கும் கட்டத்தில் இருப்பவர்கள் கருவிப் பலகையின் பாதியைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு ஓட்டுவது நல்லது. தலையசைவைப் பின்தொடரும் ட்ராக்ஐஆர் போன்ற கருவி இருந்தால் திருப்பங்களில் பக்கவாட்டில் பார்க்கும் பழக்கமாவது தங்கும்.

ரேடியோ பேச்சுக்கு நாக்கு எழாத மாணவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 2001 முதல் இயங்கிவரும் வாட்சிம் என்ற இலவச வலையமைப்பு அரும்பொருள். கட்டுப்பாட்டு அறையில் உண்மையான மனிதர்கள் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். எக்ஸ்-பிளேனிலிருந்து எக்ஸ்பைலட் என்ற செயலி வழியே அதில் சேரலாம். முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பிறகு யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசையை அட்டையில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். அங்கே தன்னார்வலர்கள்தான் இருக்கிறார்கள், சொல்முறை சில இடங்களில் பள்ளியில் கற்றதிலிருந்து மாறுபடலாம். ஐயம் வந்தால் இன்ஸ்ட்ரக்டர் சொன்னதே முடிவு.

எவ்வளவு நேரம் போதும்? 1971-இல் ஸ்டான்லி ராஸ்கோ என்ற ஆய்வாளர், சிமுலேட்டரின் முதல் மணி நேரம் விமானத்தில் மிச்சப்படுத்தும் அளவுக்குப் பதினைந்தாவது மணி நேரம் மிச்சப்படுத்தாது என்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரே பயிற்சியை இரவெல்லாம் செய்வதில் பொருளில்லை. அடுத்த வகுப்பின் பாடத்தை முந்தைய நாள் இருமுறை, வகுப்பு முடிந்த அன்றே ஒருமுறை, ஒவ்வொன்றும் 40 நிமிடத்துக்குள் என்பது நல்ல அளவு. நெடிய இடைவெளி என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் வேறு பயிற்சி. ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு பெரிய ஜெட்டில் ஐந்து மணி நேரம் மிதப்பது இன்பம்தான், தடுக்க மாட்டோம். ஆனால் அது பழக்கமாகிவிட்டால் சின்ன 172 சப்பென்று தெரிய ஆரம்பிக்கும். பயிற்சியை விட்டு நழுவுவதற்கு அது ஒரு முதல் அறிகுறி. அந்த அறிகுறி தெரிந்தால் ஒரு வாரம் கணினியைத் தொடாமல் விமானத்தளத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து, விமானங்கள் ரன்வேயைச் சுற்றி ஏறி இறங்கும் சர்க்யூட்டைப் பார்ப்பது மேல்.

ஒரு தெளிவு: இந்த வீட்டுப் பதிப்பில் ஓட்டும் மணிகளை, பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் எழுத முடியாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற கருவியும் தனியான தொழில்முறைப் பதிப்பும் தேவை. மணிக்கணக்கைக் கூட்ட நினைப்பவருக்கு இது உதவாது. ஒவ்வொரு மணியிலும் வீணாவதைக் குறைக்க நினைப்பவருக்கு உதவும்.

இன்னும் முதல் வகுப்புக்கே போகாதவர்கள் இதை வாங்க அவசரப்பட வேண்டாம். ஐந்தாறு மணி நேரம் உண்மை விமானத்தில் கை பழகிய பிறகு எடுத்தால், எது நிஜத்துக்கு நெருக்கம், எது இல்லை என்று உங்களுக்கே தெரியும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் இலவச மாதிரிப் பதிப்பை இறக்கிக்கொண்டு, கணினி 30 சட்டகம் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தாங்காவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டை. யோக்கும் பெடலும் பிறகு வரட்டும்.