ஊரில் எல்லாம் ஆப்தான், ஆனால் சாவி சிம்மில்

வெளிநாட்டிலிருந்து இந்தத் தடவை சென்னை வந்தபோது பர்ஸைத் திறந்ததே குறைவு. இளநீர் வண்டி, பூக்கடை, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் என எங்கும் கியூஆர் அட்டை. ஸ்கேன் பண்ணி ரகசிய பின் நம்பர் போட்டால், கடையில் இருக்கும் டப்பா "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த டப்பாதான். பஜ்ஜி போடுகிறவர் மாவுக் கையோடு போனைத் தொட வேண்டாம், எஸ்எம்எஸ் தேட வேண்டாம், காது கேட்டால் போதும். நான் கூகுள் பே, அவர் போன்பே என்றாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போன் வழியாக வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் யூபிஐ 2016இல் வந்தபோதே எந்த ஆப்பிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகும்படி பொதுவாகக் கட்டியதன் பலன் இது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குத்தான் வாசலிலேயே இடிக்கும். யூபிஐ ஆப்பைப் பதிவு செய்யும்போது போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போய், வங்கியில் கொடுத்த எண் அந்தப் போனில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யும். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை, ஆனால் அதற்கு ஊர் எண்தான் வேண்டும் என்றிருந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊரில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் சிங்கப்பூர் உள்பட சில நாட்டு எண்களையே இணைத்து யூபிஐ பயன்படுத்த 2023இல் அனுமதி வந்தது. அதை நம்பி என் வங்கிக் கிளைக்குப் போனால், "சார், பழைய ஊர் நம்பர் ஏதாவது இருக்கா? அதையே போட்டுடலாமே" என்றார் கவுண்டரில் இருந்த பெண். சுற்றறிக்கை கவுண்டர் வரை வந்து சேரவில்லை போல. வைஃபைக்குக்கூட ஓடிபி கேட்கிற ஊரில் அவர் சொன்னதும் நியாயம்தான்.

அப்பா மெட்ரோவுக்கென்று தனி ஆப் வைத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப்பில் மெட்ரோ எண்ணுக்கு ஒரு 'ஹாய்' தட்டி, ஏறுகிற இடம், இறங்குகிற இடம் சொல்லி, அங்கேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் தருகிற 'சென்னை ஒன்' 2025இல் வந்திருக்கிறது, போட்டுத் தரட்டுமா என்றேன். "தெரிஞ்ச இடத்துலயே வேலை முடியுதேடா, இன்னொண்ணு எதுக்கு?" என்றார். என் போனில் ஆட்டோவுக்கு மட்டும் மூன்று ஆப் இருந்ததால் மேற்கொண்டு வாதாடவில்லை.

சிங்கப்பூரைக் காட்டி ஊரை மட்டம் தட்டுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அங்கே 2024 ஜனவரியில் பஸ், ரயிலுக்கான பழைய ஈசி-லிங்க் அட்டைகளை நிறுத்தப்போகிறோம், எல்லோரும் சிம்ப்ளிகோ என்ற புதுக் கட்டண முறைக்கு மாறுங்கள் என்றார்கள். மிச்சத் தொகை அட்டையைத் தட்டுகிற இடத்தில் தெரியாது, வேண்டுமானால் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் கிளம்பியது எதிர்ப்பு. இரண்டு வாரத்துக்குள் அரசே இறங்கி வந்து பழைய அட்டையும் தொடரும் என்றது. அங்கேயும் அப்பா மாதிரி ஆட்கள் நிறைய.

அடுத்து வருகிறவர்கள் ஊர் நம்பரை மட்டும் சாக விட்டுவிடாதீர்கள். பிரீபெய்ட் எண்ணை 90 நாள் தொடாமல் வைத்திருந்தால் கைவிட்டுப் போக வாய்ப்புண்டு. இரட்டை சிம் போனில் போட்டு அவ்வப்போது ரீசார்ஜ் செய்துவிடுங்கள். கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும். சர்வர் டவுன் என்றால் டீக்கடைக்காரர் "அப்புறம் குடுங்கண்ணே" என்பார், ஆட்டோக்காரர் சொல்ல மாட்டார்.