நான்காம் குறுக்குத் தெருவில் கைபேசிக் குரல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கைபேசியின் குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. மறுமுனையில் சொன்ன எண்ணும் பெயரும் சிதையாமல் வந்து சேர்ந்தனவா? கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம் என்று வெளியூர்க் கடைகளுக்கு ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். ஓடர்கள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வரும். அறுபது மூடை என்றது இருபதாகக் கேட்டால் லொறி பாதி வெறுமையாக ஹட்டனுக்குப் போய்ச் சேரும். புதுக் கைபேசி வாங்குகிறவர்கள் கேமராவையும் திரையையும் அலசி ஆராய்கிறார்கள். பேசுவதற்கு அது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் குறையால்தான் இதை எழுதுகிறேன்.

மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் வீதியில் நின்று முதல் கைபேசி அழைப்பை எடுத்தது 1973 ஏப்ரல் 3ஆம் திகதி. இலங்கையில் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது. தெற்காசியாவில் நாம்தான் முந்திக்கொண்டோம். 1995இல் டிஜிட்டல் முறையான ஜிஎஸ்எம் வந்தது. வரும் அழைப்புக்கும் காசு கழிந்த காலம் அது. அதனால் எல்லோரும் அவசர அவசரமாகப் பேசினார்கள். அந்த அவசரத்தில் முதலில் அடிபட்டவை எண்கள்தான்.

ஆனால் அவசரம் மட்டும் காரணம் இல்லை. அந்தக் காலத்து டிஜிட்டல் தரைவழித் தொலைபேசி இணைப்பு, குரலுக்குச் செக்கனுக்கு 64,000 பிட் (தரவின் மிகச் சிறிய அலகு) செலவழித்தது. ஜிஎஸ்எம் அதை 13,000 பிட்டில் முடிக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பேச்சை 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தொண்டையும் வாயும் இருக்கும் நிலையைச் சில எண்களாகக் குறித்து, எஞ்சிய ஒலியைச் சுருக்கி அனுப்பினார்கள். மறுமுனையில் இருக்கும் கைபேசி அந்தக் குறிப்புகளிலிருந்து குரலைத் திரும்பக் கட்டியெழுப்பியது. இந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பிஷ்ணு அடால். 1960களின் பிற்பகுதியில் அவரும் மன்ஃபிரட் ஷ்ரோடரும் அங்கே செய்த ஆய்வும், அதே காலத்தில் ஜப்பானில் இடகுராவும் சைட்டோவும் செய்த ஆய்வும் இல்லையென்றால் இத்தனை கோடிப் பேர் ஒரே வானலையைப் பங்கிட்டுப் பேசியிருக்க முடியாது. நாள் முழுதும் அதன் பயனை அனுபவிக்கிறவன் என்ற முறையில் இந்தப் பெயர்களை நன்றியோடு சொல்கிறேன்.

சிக்கல் ஒலியின் எல்லையில் இருந்தது. பழைய முறை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையுள்ள, அதாவது செக்கனுக்கு அத்தனை தடவை அதிரும் ஒலியைத்தான் கடத்தும். 'ஸ்' என்ற சீறல் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. எங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகங்களில் எஃப் வரிசை கடனுக்கும் எஸ் வரிசை ரொக்கத்துக்கும் உரியவை. தொலைபேசியில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். "எஃப்பா எஸ்ஸா, அண்ணை?" என்று கேட்காத நாளில்லை. காதில் குறை என்று நினைத்து வைத்தியரிடம் போனவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

அகன்ற அலைவரிசைக் குரல் வந்ததும் அந்தக் கேள்வி பெரும்பாலும் நின்றுபோனது. 4ஜி வழியாகவே பேசும் வோல்டிஇ அழைப்பில் ஒலி 7,000 ஹேர்ட்ஸ் வரை போகிறது. செக்கனுக்கு 8,000 தடவைக்குப் பதிலாக 16,000 தடவை குரல் அளக்கப்படுகிறது. எண்களைப் பார்த்தால் சிறிய மாற்றம் போலத் தெரியும். காது வைத்துக் கேட்டால் ஆள் பக்கத்தில் வந்து நிற்கிறார். பேசுகிறவர் மூச்சு வாங்குவது, பின்னால் தராசுத் தட்டு விழுவது எல்லாம் கேட்கிறது. இரண்டு கைபேசிகளும் இரண்டு பக்கத்து வலையமைப்பும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு பக்கம் இல்லையென்றால் அழைப்பு பழைய குறுகிய ஒலிக்கு இறங்கிவிடும். அமைப்புகளில் வோல்டிஇ அணைந்து கிடக்கும் கைபேசிகளை இன்றும் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையை வாசிக்கும் கையோடு அதைப் போய்ப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், என் தொழிலை மாற்றியது எது என்று கேட்டால் அழைப்பைச் சொல்ல மாட்டேன். குரல்பதிவுச் செய்தியைத்தான் சொல்வேன். வாட்ஸ்அப்பில் அது 2013இல் வந்தது. அழைப்பில் குரல் உடனுக்குடன் போயாக வேண்டும். அலை பலவீனமாகி ஒரு துண்டு தொலைந்தால் அதற்காகக் காத்திருக்க நேரமில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். அந்தத் துண்டில் 'அறு' என்ற அசை இருந்தால் 'பது' மட்டும் வந்து சேரும். குரல்பதிவுக்கு அந்த அவசரம் இல்லை. தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, முழுதும் சேர்ந்த பிறகே ஒலிக்கிறது. பலவீனமான அலையில் தாமதம் வரும், சிதைவு வராது. மலைநாட்டிலிருந்து வரும் ஓடர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை நான் கண்டதில்லை.

நுவரெலியாப் பக்கத்தில் தோட்டத்து லயனருகே சிறு கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். எழுதப் படிக்கப் பழகாதவர். முன்பு பேரப்பிள்ளை பாடசாலையிலிருந்து வரும்வரை காத்திருந்து, அவனை எழுதச் சொல்லி அனுப்புவார். இப்போது தானே பேசி அனுப்புகிறார். "தம்பி, பருப்பு நாலு மூடை, சீனி இரண்டு. போன தடவை வந்த மிளகாயில் ஈரம் இருந்தது, இந்தத் தடவை நல்லதாகப் பார்த்துப் போடுங்கள்." அந்த ஈரத்தைப் பற்றிய பேச்சு, பேரன் எழுதிய குறிப்பில் ஒருநாளும் வந்ததில்லை. காத்தான்குடி நானா ஒருவர் விலை பேசுவதையும் குரல்பதிவில்தான் செய்வார். பிறகு கணக்கில் பிணக்கு வந்தால் இருவரும் ஒரே பதிவைத் திரும்பக் கேட்போம், பிணக்கு தீர்ந்துவிடும்.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது இதன் அருமை இன்னும் விளங்கியது. கைபேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் இறங்க இறங்க அழைப்புகள் பாதியில் அறுந்தன. ஆனால் பேசி அனுப்பிய பதிவுகள் அலை திரும்பியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. சாமான் தட்டுப்பாடான அந்த நாட்களில் யாருக்கு எவ்வளவு பங்கிட்டுக் கொடுப்பது என்பதை அந்தப் பதிவுகளை வைத்தே முடிவு செய்தோம்.

இனிக் குரல் தட்டச்சு, அதாவது நாம் பேசுவதைக் கைபேசியே எழுத்தாக்கும் வசதி. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் அறிதலில் தமிழைச் சேர்த்தபோது இலங்கைத் தமிழும் தனித் தெரிவாக வந்தது, சிங்களமும் கூடவே வந்தது. அதன் பிறகு வேறு செயலிகளும் வந்துவிட்டன. நான் பலவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். வானொலிச் செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிதானமாகப் பேசினால் இன்று கடிதமே எழுதிவிடலாம். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் அனுப்பும் கடிதங்களின் முதல் வரைவை நான் பேசித்தான் எழுதுகிறேன், விரல் வலி குறைந்திருக்கிறது. கடைப் பேச்சுக்கு வந்தால்தான் தடுமாற்றம். செத்தல் மிளகாய் என்றால் யாரோ செத்துப்போனதாக எழுதும். ஒன்றரை, இரண்டேகால் போன்ற பின்னங்களை ஒரு நாள் சொல்லாகவும் மறுநாள் எண்ணாகவும் எழுதும். நடுவில் ஒரு சிங்களச் சொல் விழுந்தால் அதற்கு ஏதோ ஒரு தமிழ் உருவம் கொடுத்துவிடும். கொழும்பில் மூன்று மொழியும் கலக்காமல் ஒரு வியாபாரப் பேச்சு நடக்காது.

காரணம் எளியது. எழுத்தோடு இணைத்துக் கொடுத்த ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்தான் இயந்திரம் கற்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் அதன் காதில் போதிய அளவு விழவில்லை. மொசில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் அதைச் செய்ய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பார்வை மங்கிய எங்கள் பெரிய முதலாளிக்குக் கைபேசி செய்திகளை வாசித்துச் சொல்கிறது. விலைக்குப் பின்னால் நாம் போடும் சாய்கோட்டையும் சமக்குறியையும் அது தனித்தனியாக உச்சரித்ததால், 'ரூபா' என்று எழுத்திலேயே அனுப்பச் சொல்லிவிட்டோம். இப்போது தெளிவாக இருக்கிறது.

கருவி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல் தட்டச்சுக்கு விலையுயர்ந்த கம்பியில்லாக் காதொலிப்பான் தேவையில்லை. புளூடூத் வழியாகப் பேசும்போது பல கருவிகளில் ஒலியின் தரம் இறங்கிவிடுகிறது, இயந்திரத்துக்கு விளங்காமல் போவதற்கு அதுவும் காரணம். வாய்க்கு அருகே ஒலிவாங்கி தொங்கும் சாதாரணக் கம்பிக் காதொலிப்பான், மூடை சுமக்கும் நாட்டாமைமார் வண்டி தள்ளும் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

இன்னொன்று, குரலைப் போலியாக உருவாக்கும் வசதி இப்போது மலிந்துவிட்டது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்குப் பணம் போடுங்கள் என்று பழகிய குரலில் பதிவு வந்தாலும், நாங்களே பழைய இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகுதான் பணம் அனுப்புகிறோம்.

இந்தச் செயலிகளைச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு கடையும் தன் சாமான் பெயர்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் தமிழில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு பட்டியல், பேசும்போது முதலில் அதிலே தேடிப் பார்க்கும் வசதி. எங்கள் பட்டியலை நான் தயார் செய்து வைத்திருக்கிறேன்.