ஸ்டார் பிஎம் பிஸ்டலுக்கு வீட்லயே ப்ளூயிங்: 4 வருஷம் கழிச்சு எப்படி இருக்கு

மொதல்லயே சொல்லிடறேன், நான் கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவன்) கிடையாது. ப்ளூயிங்னா துப்பாக்கி இரும்பு துருப்பிடிக்காம இருக்க அதோட மேல்பக்கத்தைக் கருநீலமாக்கற வேலை. அமெரிக்காவுல ஒஹாயோல வேலை, சனிக்கிழமை ரேஞ்சுல போய் சுடறது, பழைய ஸ்டீல் பிஸ்டல் ஏதாவது மலிவா கிடைச்சா வாங்கி பேஸ்மென்ட்ல வச்சு நோண்டிட்டு இருக்கறது, அவ்ளோதான். வாங்கின அன்னிக்கு எல்லாரும் போட்டோ போட்டு சூப்பர்னு எழுதுவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அது என்ன கதியில இருக்குன்னு யாரும் சொல்றதில்ல, அதான் இதை எழுதறேன்.

2021ல ஒரு ஸ்டார் பிஎம் வாங்கினேன். ஸ்பெயின் பாஸ்க் பக்கம் எய்பார்னு ஒரு ஊர், அங்க செஞ்சது, 9 எம்எம், பாக்க அமெரிக்காவோட பழைய கோல்ட் 1911 பிஸ்டலுக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஸ்பெயின் நாட்டு கார்டியா சிவில் போலீஸ் வருஷக்கணக்கா இடுப்புல மாட்டிட்டுத் திரிஞ்சது. கம்பெனியே 1997ல மூடிட்டாங்க. மெக்கானிக்கலா ஒரு குறையும் இல்ல, ஆனா வெளிய பாத்தா பாவமா இருக்கும். மசில் முனை (குழலோட வாய்), ஸ்லைடோட (மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) ரெண்டு ஓரம், ஃபிரேம் (கைப்பிடியோட சேந்த அடிப்பாகம்) முன்பக்கம் எல்லாம் தோல் உறையில உரசி உரசி வெள்ளி மாதிரி வெளுத்துப்போயிருந்துச்சு. கிரிப்பைக் கழட்டினா அடியில குட்டி குட்டியா துரு தின்ன குழி. கடையில குடுத்து ஹாட் ப்ளூ பண்ணலாம்னு விசாரிச்சா பிஸ்டல் விலையை விட அதிகமா கேட்டாங்க. அதை வீட்ல பண்ற யோசனையே வேணாம், காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்க வைக்கணும், ஒரு சொட்டு தெறிச்சா கண்ணு போச்சு.

அப்ப வாங்கினதுதான் கோல்ட் ப்ளூ. (கோல்ட்னா தங்கமும் இல்ல, அமெரிக்கா கம்பெனி கோல்ட்டும் இல்ல, சூடு பண்ணாம போடறதால அந்தப் பேரு.) ஹார்ட்வேர் கடையில கிடைக்கற ஒரு பாட்டில், பிராண்ட் பேர் வேணாம், தப்பு பாதி என்னோடதுதான். பஞ்சுல தொட்டு தடவினா பத்து செகண்ட்ல இரும்பு கருப்பாகுது, மேஜிக் மாதிரி இருந்துச்சு, அன்னிக்கு ராத்திரி நாலு தடவை எடுத்து எடுத்துப் பாத்தேன்.

மூணே மாசம். மசில் முனை திரும்ப வெள்ளை. ஆகஸ்ட்ல புழுக்கம் ஆரம்பிச்சதும் கை பிடிக்கற இடத்துல மிளகாத்தூள் தூவின மாதிரி புள்ளி புள்ளியா துரு. ஏன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். ஒரிஜினல் ப்ளூயிங்ல இரும்போட மேல்தோலே மேக்னடைட்டா மாறுது, அதாவது கருப்பு இரும்பு ஆக்சைடு, அது இரும்போட உடம்புலயே இருக்கற விஷயம். கோல்ட் ப்ளூல பெரும்பாலும் இருக்கறது செலினியஸ் ஆசிட்டும் (செலினியம் கலந்த ஆசிட்) காப்பர் சல்ஃபேட்டும், அது இரும்பு மேல கருப்பா ஒரு மெல்லிசு படலத்தைப் படிய வைக்குது, அவ்ளோதான். நரைக்கு டை அடிக்கற மாதிரி. அதோட அந்த ஆசிட்டை சரியா கழுவாம விட்டா அதுவே பின்னாடி துருவைக் கூட்டிட்டு வருது. நான் ஈரத்துணியால ஒரு தொட தொடச்சுட்டு எண்ணெய் போட்டுட்டேன், அதான் வினை. சமையல் சோடா கலந்த தண்ணியில கழுவி, நல்லா அலசி, காய வச்சு, எண்ணெய் நிறையப் பூசி ஒரு நாள் முழுக்க விட்டிருக்கணும்.

நாத்தத்தையும் சொல்லணும். அழுகின பூண்டு வாடை, கையில ஒட்டினா சாயங்காலம் வரைக்கும் போகாது. செலினியம் விஷம், க்ளவுஸ் போடாம தொடாதீங்க, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க.

ரெண்டாவது ரவுண்டுல ப்ரௌனெல்ஸ் கம்பெனியோட ஆக்ஸ்ஃபோ ப்ளூங்கற இன்னொரு கோல்ட் ப்ளூ வாங்கினேன், அதுல பாஸ்பாரிக் ஆசிட் இருக்கு. இது நெஜமாவே பரவால்ல. இந்தத் தடவை எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோன்ல மூணு தரம் எடுத்தேன், ஹேர் டிரையர்ல லேசா சூடு பண்ணேன், தடவி, ஸ்டீல் வுல்ல (மெல்லிசு இரும்பு நார்) தேச்சு, திரும்பத் தடவி, இப்படி ஆறு ஏழு தரம். ஒரு சங்கதி, கடையில வாங்கற ஸ்டீல் வுல்லே துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் போட்டுத்தான் வருது, அதையும் அசிட்டோன்ல அலசாம தேச்சீங்கன்னா நீங்களே எண்ணெய் தடவின மாதிரி ஆயிடும், அப்புறம் திட்டு திட்டா வருதே ஏன்னு மண்டையைப் பிச்சுக்கணும். நான் பிச்சுகிட்டேன். இந்த ரவுண்டு எட்டு மாசம் தாங்குச்சு. ஸ்க்ரூ தலை, மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி) அடி, சின்ன கீறல், இதுக்கெல்லாம் இன்னிக்கும் அதான் என் கையில இருக்கு. முழு பிஸ்டலுக்கு சரி வராது. ஒவ்வொரு ஸ்டீலும் ஒவ்வொரு கலர் வேற காட்டும், ஸ்லைடு நீலக்கருப்பு, ஹேமர் (பின்னாடி இருக்கற குட்டி சுத்தியல்) சாம்பல்னு தனித்தனியா தெரியும்.

2022 கோடையில துணிஞ்சு ஸ்லோ ரஸ்ட் ப்ளூல இறங்கினேன். பேருக்கு ஏத்த மாதிரி, வேணும்னே துருப்பிடிக்க வச்சு அந்தத் துருவைக் கருப்பாக்கற வேலை. கேக்கறதுக்கு கிறுக்குத்தனம் மாதிரி இருக்கும், ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடியே பெரிய பெரிய துப்பாக்கிக்காரங்க பண்ணது இதுதான், ரெட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு இன்னும் இதான் வழி, ஏன்னா ஹாட் ப்ளூ தொட்டியில போட்டா ரெண்டு குழலையும் ஒட்டின ஈயப்பத்து விட்டுப்போயிடும்.

முதல்ல பாலிஷ், மொத்த வேலையில முக்கால்வாசி இதுதான். பழைய ப்ளூவை எடுக்க வினிகர்ல முக்கினேன், அரை மணி நேரத்துல வெறும் சாம்பல் இரும்பாச்சு. அப்புறம் 320, 400 நம்பர் உப்புத்தாள், கட்டையில சுத்தி வச்சு ஒரே திசையில. வெறும் விரலால தேச்சா ஓரம் மழுங்கிடும், ஸ்க்ரூ ஓட்டை கிண்ணம் மாதிரி குழிஞ்சிடும், எழுத்து கரைஞ்சிடும். மெஷின் வீல்ல குடுத்தா இன்னும் மோசம். சீரியல் நம்பர் பக்கம் உப்புத்தாளே போகக்கூடாது, அந்த நம்பரை அழிக்கறது இங்க ஃபெடரல் குற்றம், தெரியாம தேஞ்சுபோச்சு சார்னு போய் நிக்கற நிலைமை வேணாம், அந்த இடத்தை டேப் ஒட்டி விட்டுட்டேன். சொந்த பிஸ்டலுக்கு நாமளே பண்ணிக்கலாம், ஆனா ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் காசு வாங்கிட்டுப் பண்ற தொழிலா ஆச்சுன்னா லைசென்ஸ் வேணும்.

பேஸ்மென்ட்ல ப்ளைவுட்ல ஒரு பொட்டி அடிச்சு, உள்ள ஒரு குண்டு பல்பு, ஒரு தட்டு தண்ணி, மேல கம்பியில ஸ்லைடும் ஃபிரேமும் தொங்குது. பேரல் உள் துவாரத்தை அடைச்சாச்சு, ஸ்பிரிங் எல்லாம் தனியா. துருப்பிடிக்க வைக்கற கரைசலை மெல்லிசா, கிட்டத்தட்ட காஞ்ச துணி மாதிரி இருக்கற பஞ்சால ஒரே இழுப்பு, திரும்ப அதே இடத்துல தேய்க்கக்கூடாது. மூணு மணி நேரத்துல வெல்வெட் மாதிரி மெல்லிசா செந்துரு வந்துடும். அப்படியே எடுத்து டிஸ்டில்டு வாட்டர்ல பதினஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சா சிவப்பு அத்தனையும் கருப்பு, கண்ணு முன்னாடியே மாறும். வெளிய எடுத்து ஸ்டீல் வுல்ல மேல நிக்கற கரியைத் தேச்சு எடுத்தா அடியில லேசா ஒரு சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். திரும்ப மொதல்ல இருந்து. தோசைக்கல் பழக்கற மாதிரிதான், அவசரப்பட்டா ஒட்டிக்கும். முதல் ரெண்டு கோட்ல ஒண்ணும் தெரியல, எனக்கு நம்பிக்கையே போச்சு, நாலாவதுல கருக்க ஆரம்பிச்சுது, எட்டு கோட் போட்டேன், மூணு நாள் ஆச்சு.

நடுவுல ஒரு கூத்து. டிஸ்டில்டு வாட்டர் தீந்துபோச்சு, அஞ்சாவது கோட்டைக் குழாத்தண்ணியில கொதிக்க வச்சேன், ஃபிரேம்ல வெள்ளையா உப்புத் திட்டு, தேமல் மாதிரி. அதைத் தேச்சு எடுத்துட்டு ரெண்டு கோட் பின்னாடி போக வேண்டியதாச்சு. பாத்திரமும் புதுசு வாங்கினது, ஏன்னா என் வீட்டுக்காரி நான் இட்லிப்பானை மேல கண்ணு வைக்கறதைப் பாத்துட்டு, "அதுல துப்பாக்கியை வேக வச்சீங்க, அப்புறம் நீங்களும் அதுலயே வெந்துக்கோங்க"ன்னுட்டா. நியாயம்தான், அந்தப் பாத்திரத்துல அதுக்கப்புறம் சோறு பொங்கக்கூடாது.

இப்ப ரிசல்ட். மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. பளபளன்னு இருக்காது, சாட்டின் மாதிரி மங்கின கருப்பு, எனக்கு அதான் பிடிச்சிருக்கு. மாசம் ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போகுது, கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறையில போட்டு எடுக்கறேன். மசில்ல ஒரே ஒரு பக்கம் மயிரிழை அளவு வெளுத்திருக்கு, அவ்ளோதான். போன ஆகஸ்ட்ல கூட ஒரு புள்ளி துரு இல்ல. சுட்டு முடிச்சதும் பேலிஸ்டால் எண்ணெயால ஒரு தொட, குளிர்காலம் ஆரம்பத்துல ரினைசன்ஸ் வேக்ஸ், இது பிரிட்டிஷ் மியூசியம் ஆளுங்க கண்டுபிடிச்ச மெழுகு, டப்பா சின்னது விலை பெருசு ஆனா தீரவே தீராது. தோல் உறையில போட்டு அலமாரியில வைக்கறதை மட்டும் விட்டுடுங்க, தோல் பதனிட்ட உப்பும் ஈரமும் சேந்து இரும்பைத் தின்னும்.

நண்பர் ஒருத்தர் இதைப் பாத்துட்டு அவரோட வால்தர் பி1 ஃபிரேம்ல நானே வாங்கிக் குடுத்த கோல்ட் ப்ளூவைத் தடவிட்டு கலரே ஏறலைன்னு போன் பண்ணார். அது அலுமினியம் ஃபிரேம், இரும்புக்குன்னு செஞ்ச கரைசல் அதுல எப்படி வேலை செய்யும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க, அவ்ளோதான் டெஸ்ட்.

இவ்ளோ சொல்லிட்டு என்னோட இன்னொரு பிஸ்டலைச் சொல்லாம விட்டா தப்பு. போன வருஷம் ஒரு எஸ்டேட் சேல்ல (இறந்தவங்க வீட்டுச் சாமானை விக்கறது) கோல்ட் கம்பெனியோட 1903 பாக்கெட் ஹேமர்லெஸ் கிடைச்சுது, ஜான் ப்ரௌனிங் டிசைன், .32 ஏசிபி தோட்டா. பேருதான் ஹேமர்லெஸ், ஹேமர் உள்ள ஒளிஞ்சிருக்கும். ஸ்லைடு முழுக்க பழுப்புத் துரு. ரஸ்ட் ப்ளூல கை தேறிட்டேன்னு உப்புத்தாளை எடுத்துட்டேன், நல்லவேளை ரேஞ்சுல ஒரு பெரியவர் கையைப் பிடிக்காத குறையா தடுத்தார். இந்த மாதிரி பிஸ்டலுக்கு ஒரிஜினல் ப்ளூ எவ்ளோ மிச்சம் இருக்குங்கறதை வச்சுத்தான் விலை, புதுசா கருப்படிச்சா மதிப்பு படுத்துடும். அவர் சொன்னபடி கிரிப்பைக் கழட்டி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, கரைசல் எதுவும் போடாம வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல கொதிக்க வச்சு, ஸ்டீல் வுல்ல லேசா நீவினேன். நூறு வருஷத் துரு கருப்பா மாறி உதிர்ந்து, அடியில கோல்ட் காரன் போட்ட அந்த ஆழமான நீலம் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. கைபட்ட இடமெல்லாம் வெளுப்புதான், அதை அப்படியே விட்டுட்டேன். என்னோட ரெண்டுல நான் கம்மியா வேலை பாத்தது இதுதான், வீட்டுக்கு வர்றவங்க மொதல்ல கையில எடுக்கறதும் இதைத்தான்.

செலவு யாராவது கேப்பீங்க. ரஸ்ட் ப்ளூ கரைசல், பாத்திரம், ஸ்டீல் வுல், அசிட்டோன், தண்ணி எல்லாம் சேத்து எனக்கு நூறு டாலர் பக்கம் ஆச்சு, கரைசல் பாட்டில்ல இன்னும் முக்கால்வாசி மிச்சம். ஆரம்பிக்கறவங்க மேகசினை உருவி, சேம்பரை (குழல்ல தோட்டா உக்கார்ற இடம்) கண்ணால பாத்து, விரல் விட்டும் பாத்துட்டு, அப்புறம் கழட்டுங்க. முதல் முயற்சியை பிஸ்டல்ல பண்ணாதீங்க, ஒரு பழைய ஸ்பேனர்ல பண்ணிப் பாருங்க. என்னோடது இன்னும் கராஜ்ல தொங்குது, கடைசியா பக்கத்து வீட்டுக்காரர் வந்து எங்க வாங்கினீங்கன்னு கேட்டுட்டுப் போனார்.