வெர்சாய்: பெரிய அரண்மனையா, திரியானோனா, ஊரா?

பாரிசிலிருந்து ஒரே நாளில் வெர்சாய் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்கே பெரிய அரண்மனை வாசலில் நிற்பார்கள். மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிடும், தோட்டத்துக்கு அப்பால் உள்ள திரியானோன் என்ற சிறு அரண்மனைகள் விட்டுப்போகும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் மூன்றுமே கிடைக்கும். மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதை எடுப்பது என்பதற்கு முதலில் ஒவ்வொன்றின் குணமும் தெரிய வேண்டும்.

பெரிய அரண்மனையின் பலமும் பலவீனமும் கண்ணாடிக் கூடம்தான். 73 மீட்டர் நீளம், 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள், தலைக்கு மேலே லெ ப்ருன் தீட்டிய விதான ஓவியங்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919 ஜூன் 28 அன்று ஜெர்மனியுடனான சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கேதான். ஆனால் கூடம் மேற்குப் பார்த்தது. காலையில் அங்கே நேர் வெயில் விழாது, கூட்டம் மட்டும் நெரியும். பிற்பகலில் தோட்டப் பக்க ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து கண்ணாடிகளில் விழும்போதுதான் கட்டடக் கலைஞர் மான்சார் எதற்காக இப்படிக் கட்டினார் என்பது புரியும். கூட்டமும் அப்போது சற்றுக் கலைந்திருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாலை 6.30 வரை திறந்திருப்பதால் 4 மணிக்கு நுழைவது நல்லது. மற்ற மாதங்களில் 5.30க்கே மூடிவிடுவார்கள் என்பதால் 3 மணி. நுழைவு நேரத்தை முன்பதிவு செய்தே ஆக வேண்டும், பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள்.

ஹெர்குலிஸ் கூடத்தை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தமிழர்கள் கொஞ்சம் நிற்கலாம். 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய திப்பு சுல்தானின் தூதர்களை, 1788 ஆகஸ்ட் 10 அன்று பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி இந்தக் கூடத்தில்தான் வரவேற்றார்.

திரியானோன் வேறு உலகம். அரச குடும்பமே பெரிய அரண்மனையின் சடங்குகளிலிருந்து தப்பி வந்த இடம் அது. 1687இல் எழுந்த பெரிய திரியானோன் ஒற்றைத் தளம், இளஞ்சிவப்புப் பளிங்கு, நடுவே இருபுறமும் திறந்த தூண் மண்டபம். சிறிய திரியானோனைப் பதினாறாம் லூயி 1774இல் தன் ராணி மரி அந்துவானெத்துக்குக் கொடுத்தார். அதற்கு அப்பால், குளத்தைச் சுற்றிக் கூரை வேய்ந்த வீடுகளோடு ராணியின் சிற்றூர். அங்குள்ள ராணி வீட்டின் உட்புறத்தை வழிகாட்டிச் சுற்றில் மட்டுமே பார்க்க முடியும், மற்றவர்களுக்கு வெளித்தோற்றம்தான். சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களும் நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்களும் பெரிய அரண்மனையை விட்டுவிட்டு இங்கேயே வரலாம், இழப்பாக இருக்காது. குறை இரண்டு: மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், அரண்மனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. முதியவர்கள் தோட்டத்துக்குள் ஓடும் குட்டி ரயிலில் போகலாம், அதற்குத் தனிக் கட்டணம்.

ஊரைக் காலையில் பார்க்க வேண்டும். நோத்ர்-தாம் சந்தையின் திறந்தவெளிக் கடைகள் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் போடுவார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில் 1789 ஜூன் 20 அன்று மக்கள் பிரதிநிதிகள் உறுதிமொழி எடுத்த பந்தாட்டக் கூடமும், சதுப்பு நிலத்தை மேடாக்கி அரச தோட்டக்காரர் லா கந்தினி அமைத்த 9 ஹெக்டேர் அரச காய்கறித் தோட்டமும் தென்பக்கத்தில், செயிண்ட் லூயி பேராலயப் பகுதியில் இருக்கின்றன. திரியானோனுக்கு முன் சந்தை, இந்தத் தென்பக்கம் இரண்டையும் ஒரே காலையில் அடுக்கினால் மூச்சு வாங்கும். காலைக்குச் சந்தை மட்டும் போதும்.

அதனால் பாரிசின் செயிண்ட்-லாசார் நிலையத்தில் ரயில் ஏறி வெர்சாய் ரீவ் துருவாத் நிலையத்தில் இறங்குங்கள். சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு புல்வார் த லா ரேன் சாலையில் மேற்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், திரியானோன் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். 12 முதல் 2.30 வரை அங்கே, அரண்மனைக்குள் 3 மணிக்கு நுழையும் மாதங்களில் 2.15 வரை. பிறகு பெரிய கால்வாய்க் கரை வழியாக அரண்மனைக்கு ஏறுங்கள். கடைசிப் பகுதி ஏற்றமும் படிகளும், நுழைவாயிலோ ஊர்ப் பக்க முற்றத்தில். ஆகவே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும்போது ரீவ் கோஷ் நிலையம் பத்து நிமிட நடை. அங்கிருந்து ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயில் பாரிசுக்குப் போகும்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்களன்று அரண்மனையும் திரியானோனும் மூடியிருக்கும். செவ்வாயன்று பாரிசில் லூவர் அருங்காட்சியகம் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேரும். நீரூற்றுகளைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், கோடைக்காலத்தில் அவை ஓடும் நாளையும் மணியையும் உறுதிசெய்துகொண்டு பதிவு செய்யுங்கள். பதினான்காம் லூயி காலத்திலேயே எல்லா ஊற்றுகளும் ஒரே நேரத்தில் ஓடத் தண்ணீர் போதவில்லை, மன்னர் நடந்து வரும் பக்கத்தை மட்டும் விசில் சைகையால் திறந்துவிட்டார்கள். அன்றைய குழாய்களில் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருப்பதால், இப்போதும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே ஓடும். அந்த நாட்களில் தோட்டத்துக்கும் கட்டணம் உண்டு.