ஆட்டோமேட்டிக் மினிக்கு சூப்பர்சார்ஜர்: 8 மாதம் ஓட்டிப் பார்த்தபின்

பர்மிங்காமில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1986 மினி மேஃபேர். 998 சிசி, ஆட்டோமேட்டிக். மனைவியிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான லைசென்ஸ். இரண்டு பேரும் ஓட்ட வேண்டும் என்றுதான் தேடித் தேடி இதை வாங்கினோம். இந்த வண்டி பிறந்த லாங்பிரிட்ஜ் வீட்டிலிருந்து 15 நிமிடம்தான். அதைத் தாண்டினால் லிக்கி மலை ஏற்றம். நான்கு பேர் உட்கார்ந்து அந்த ஏற்றத்தில் போனால் வண்டி திணறும். கியர் இறங்கும், சத்தம் ஏறும், வேகம் மட்டும் ஏறாது. எம்5 மோட்டார்வேயில் நுழையும்போது பின்னால் லாரி வந்தால் வயிற்றைக் கலக்கும்.

1275 சிசி இன்ஜினை மாற்றிவிடு என்றுதான் பலரும் சொன்னார்கள். வண்டியோடு வந்த இன்ஜினைக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 1982இல் வந்த எம்ஜி மெட்ரோ டர்போவிலும் இதே ஏ-சீரிஸ் குடும்பத்து இன்ஜின்தான். கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் அதில் பூஸ்ட்டை, அதாவது அந்தக் கூடுதல் காற்றின் அழுத்தத்தை, அடக்கியே வைத்தார்கள். மேனுவலுக்கே அந்த நிலைமை. சூப்பர்சார்ஜரும் காற்றைத் தள்ளுவதுதான், ஆனால் இன்ஜினின் பெல்ட்டில் ஓடுவது, மிதித்ததும் வேலை செய்யும், திடீரென்று உதைக்காது. ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கு அதுதான் ஒத்துவரும்.

நான் வாங்கிய கிட்டில் (மாட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பு) வந்தது பழுது பார்த்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். பிஎம்டபிள்யூ தயாரித்த முதல் மினி கூப்பர் எஸ்ஸில், 1.6 லிட்டர் இன்ஜினோடு இருந்த அதே யூனிட். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி காற்றைத் தள்ளும். என் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 499 சிசிதான் இழுக்கும். அதனால் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் சூப்பர்சார்ஜரும் ஏறத்தாழ ஒரு சுற்று சுற்றினால் போதும். அந்தக் கூப்பர் எஸ்ஸில் ஓடிய வேகத்துக்கு இது நிதானமான ஓட்டம். என் வண்டியில் பூஸ்ட் 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை.

பழைய எம்45 வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் அதன் கியர் ஆயிலைப் பாருங்கள். அது இன்ஜின் ஆயிலோடு சேராத தனி ஆயில், அளவும் கொஞ்சம்தான். வற்றிப்போனால் பற்கள் தேய்ந்துவிடும். எனக்கு வந்ததில் ஆயில் தெளிவாக இருந்தது, புல்லியைக் கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் சுற்றியது. பிராக்கெட், மேனிஃபோல்டு வேலைப்பாடும் சுத்தம். ஒரு போல்ட் ஓட்டையைக்கூட ராவ வேண்டியிருக்கவில்லை.

குறை வேறு இடத்தில். "ஆட்டோமேட்டிக்குக்கும் அப்படியே பொருந்தும்" என்று விற்றவர் போனில் சொன்னார். பொருந்தவில்லை. மினி ஆட்டோமேட்டிக்கில் கார்புரேட்டரின் த்ராட்டிலிலிருந்து ஒரு கம்பி நேராகக் கீழே கியர்பாக்ஸுக்கு இறங்குகிறது. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பாக்ஸ் அந்தக் கம்பி வழியாகத்தான் தெரிந்துகொள்ளும். கிட்டைப் பூட்டினால் கார்புரேட்டர் இடம் மாறுகிறது, பழைய கம்பி எட்டுவதில்லை. கிட்டில் மாற்றுக் கம்பியும் இல்லை, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் மெக்கானிக் ஏதோ வளைத்து மாட்டிக் கொடுத்தார். வெளியே எடுத்தேன், 20 மைல் வேகத்துக்குள் நான்காவது கியருக்கே போய்விட்டது. முழுக்க மிதித்தாலும் கியர் இறங்கவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் பூஸ்ட்டின் பாரம் முழுவதும் கியர்பாக்ஸுக்குள் கியர்களைப் பிடித்து வைக்கும் கிளட்ச், பேண்டுகளின் மேல்தான் விழுந்திருக்கும்.

அப்புறம் ஆட்டோமேட்டிக் மினி கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் ஆயில் பிரஷரை அளந்தார், அது சரியாக இருந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். 5 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பியில் இரண்டு முனையிலும் மரை போட்டு, பந்து மூட்டு வைத்துப் புதிதாகச் செய்தார். அரைச் சுற்று திருகுவார், ஓட்டிப் பார்ப்பார், மறுபடி அரைச் சுற்று. ஒரு பகல் முழுக்க அந்த ஒரு கம்பிக்கே போனது. இந்த வேலை முழுவதிலும் நான் கொடுத்த பணத்தில் மிக நியாயமான பணம் அவருக்குக் கொடுத்ததுதான்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் செய்தேன். இந்த வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். இன்ஜின் சூடானால் கியர்பாக்ஸும் சேர்ந்து வேகும். கிரில்லுக்குப் பின்னால் 13 வரிசை ஆயில் கூலர் வைத்தோம். 1,500 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். பற்றவைப்பு நேரத்தைப் பூஸ்ட்டுக்கு ஏற்பப் பின்னுக்கு இழுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், எஸ்யூ கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசிக்குப் பதில் வேறு ஊசி, இரண்டும் கட்டாயம். பெட்ரோலும் 97 ஆக்டேனுக்குக் குறையாமல்தான் போடுகிறேன்.

சரி, ஓட்டம் எப்படி? ரோலிங் ரோட்டில் (வண்டியை உருளைகளின் மேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) சக்கரத்தில் அளந்தது முன்பு 31 குதிரைத்திறன், இப்போது 49. எண்ணை விட லிக்கி ஏற்றத்தைச் சொல்கிறேன். முன்பு இரண்டாவது கியரில் கத்திக்கொண்டு ஏறிய இடத்தில் இப்போது மூன்றிலேயே போகிறது. கால் பாதி அழுத்தத்தில் இருக்கும்போதே வண்டி இழுக்கிறது. முன்பு எல்லாம் இந்தக் கியர்பாக்ஸ் எந்தக் கியர் என்று தடுமாறுவது போல இருக்கும். உண்மையில் அதற்கு இழுவைதான் போதாமல் இருந்திருக்கிறது. பானெட்டுக்குள்ளிருந்து மிக்சி ஓடுகிற மாதிரி ஒரு சன்னமான சத்தம் வரும். எனக்குப் பிடித்திருக்கிறது, மனைவிக்கு நெடுந்தூரத்தில் தலை வலிக்கிறது.

ஒரு கேலனுக்கு 38 மைல் கொடுத்தது 32 ஆகிவிட்டது. ஈரமான காலையில் பெல்ட் சில நொடி கிறீச்சிடும். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருப்பதால் நெரிசலில் சூட்டு முள் மேலே போகிறது. கூடுதல் ஃபேன் வைத்த பிறகு அடங்கியது. இன்சூரன்ஸ்காரர்களிடம் மாற்றத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

கிட் 1,900 பவுண்டு. மற்ற வேலைகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இன்னொரு 1,900. கியர்பாக்ஸ் ஏற்கெனவே வழுக்குகிற வண்டியென்றால் இந்தப் பணத்தை முதலில் அதற்குப் போடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஆட்டோமேட்டிக் என்றால் தயங்காமல் செய்யலாம், ஆனால் அந்தக் கம்பியை யார் செய்து தருவார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கிட்டுக்கு முன்பணம் கட்டுங்கள்.